கூரைக்குக் கீழே இருக்கும் வெக்கை



நினைவுச் சொற்பொழிவு என்றால் இலக்கியம் பேசுவார்கள், இல்லையென்றால் வரலாறு. நான் கூரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நாம் யாரை நினைத்துக் கூடியிருக்கிறோமோ அந்தத் தோழர், மேடையில் எதைத் தொடங்கினாலும் கடைசியில் மனைப்பட்டாவில்தான் வந்து நிற்பார். அவர் இருந்திருந்தால் இந்தத் தலைப்புக்கு முகம் சுளித்திருக்க மாட்டார்.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். டெல்டாவில் பண்ணையாள் ஏன் குடிசையில் இருந்தான்? கீற்று குளிர்ச்சி தரும் என்றா? மனை மிராசுதாருடையது. போ என்றால் போகவேண்டும். 1971இல் குடியிருப்புச் சட்டம் வந்த பிறகுதான் நாம் குடியிருந்த மனை சட்டப்படி நம்முடையதானது. அடுத்தவன் மனையில் எவன் செங்கல் சுவர் எழுப்புவான்? ஆகவே மெத்தை வீடு நமக்கு ஆடம்பரமல்ல. நெருப்புக்கும் ஐப்பசி மழைக்கும் பயப்படாமல் தூங்குவதற்கான இடம்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோடை வந்தால் பத்திரிகைகளில் கட்டுரை வருகிறது: மண் சுவரும் கீற்றுக் கூரையும்தான் நம் பாரம்பரியம், அதற்கே திரும்புவோம் என்று. எழுதுகிறவர் ஏசி அறையில் இருக்கிறார். வருஷா வருஷம் கூரை மாற்ற மட்டையை ஊறப்போட்டு கீற்று முடைந்த அம்மாவின் கைகளை அவர் பார்த்ததில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் இந்தப் பட்டுக்கோட்டையில் கூரைகளை என்ன செய்தது என்பதை நீங்களே பார்த்தீர்கள். தென்னையும் சாய்ந்தது. எங்கள் தெருவில் பலரும் ஷீட்டுக்கு மாறியது அதற்குப் பிறகுதான். நாம் குடிசைக்குத் திரும்பப் போவதில்லை.

ஆனால் கிடைத்த வீடு கொதிக்கிறது. அதையும் ஒளிக்காமல் பேசவேண்டும்.

தகரமும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் வெயில் பட்டவுடன் சுடும், பொழுது சாய்ந்தால் சீக்கிரம் ஆறிவிடும். அதனால் ஷீட் வீட்டில் ஆபத்து பகலில். வேலைக்குப் போகாத கிழவிக்கும் கைக்குழந்தைக்கும். காங்கிரீட் தளம் வேறு மாதிரி. பகலெல்லாம் வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சூடு தளத்தைக் கடந்து கீழே இறங்கச் சில மணி நேரம் ஆகும். வெளியே காற்று வரத் தொடங்கும் எட்டு, ஒன்பது மணிக்கு உள்ளே மச்சு அனலாகக் கிடக்கும். மின்விசிறி போட்டால் அந்த அனலைத்தான் கீழே தள்ளும். கடலோரத்துப் புழுக்கத்தில் வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. தூங்காத அந்த உடம்புதான் விடிந்ததும் நடவுக்கும் நகராட்சிக் குப்பை வண்டிக்கும் போகிறது.

வசதியுள்ளவர் மெத்தை வீட்டிலும் இதே காங்கிரீட்தான். ஆனால் அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, தட்டோடு பதித்திருப்பார்கள். சுற்றி நாலு மரம் நிற்கும், எதிரெதிரே ஜன்னல் இருக்கும். நம் தொகுப்பு வீடுகள் பலவற்றில் வெறும் தளம்தான். சென்னையிலிருந்து பிடுங்கிக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்கிவைத்த மக்களுக்கோ தளத்தில் ஏறி எதையும் செய்யும் உரிமைகூட இல்லை.

2030க்குள் குடிசையில்லாத் தமிழகம் என்று கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 8 லட்சம் வீடுகள் அறிவித்திருக்கிறார்கள். வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி. வரவேற்போம். ஆனால் எங்கள் பக்கத்தில் தளம் போட்டதோடு கைக்காசும் சேர்ந்து தீர்ந்துவிடுகிறது. தட்டோட்டுக்கும் வெள்ளைப் பூச்சுக்கும் தனித் தொகை கேட்கவேண்டும். இது புதுமையில்லை. அகமதாபாத்தில் 2010 மே மாத வெயிலில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 2013இல் அந்த நகரம் வெப்பத்துக்கென்றே செயல்திட்டம் போட்டது, பிறகு ஏழைகளின் கூரைக்கு வெள்ளை அடித்தது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே கொள்கை வெளியிட்டது. வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பும், உள்ளே சில டிகிரி குறையும். சுண்ணாம்பு அடித்தாலும் பலன் உண்டு, ஒவ்வொரு கோடைக்கும் அடிக்கவேண்டும், அவ்வளவுதான்.

கோயில் மண்டபம் குளுகுளுவென்று இருக்கும். ஆலமரத்தடித் திடலும் அப்படித்தான். அங்கே போய் நம் பெண்கள் துண்டை விரித்துப் படுக்க முடியுமா? பள்ளிக்கூடத்தையும் சமுதாயக்கூடத்தையும் கத்திரி முடியும்வரை இரவில் திறந்துவைக்கச் சொல்லி மனு கொடுத்தால், அதில் ‘காலனிப் பக்கம் உள்ள கட்டடம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ஊருக்குள் இருக்கும் கட்டடத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம். கடலோரத்தில் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினால் வெப்ப அலை என்பது வானிலைத் துறையின் கணக்கு. அந்த வெப்பமானி வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில், காற்றோட்டத்தில் இருக்கிறது. ஷீட்டுக்குக் கீழே கயிற்றுக் கட்டிலில் கிடக்கும் ஆயாவின் தலைமாட்டில் எந்த வெப்பமானியும் இல்லை. ராத்திரியில் அவர் போய்விட்டால் ‘வயசாச்சு’ என்று தூக்கிவிடுகிறோம். நாமும்தான். அரசு மட்டுமல்ல.

ஒரு வெப்பமானி வாங்குங்கள். பகல் இரண்டு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் பார்த்து, நாள், நேரம், கூரை என்ன, உள்ளே எத்தனை பேர் என்று நோட்டில் எழுதுங்கள். வருகிற சித்திரையில் மூன்று தெருக்களில் தொடங்குகிறோம். நோட்டு வாங்கியாகிவிட்டது. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் நில்லுங்கள்.