தஃப்தரும் கேமராவும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



நம் பள்ளி அலுவலகத்தின் கணினி இணைப்புகளைப் புதுப்பிக்கவும், கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தவும் நிர்வாகக் குழு முன்வந்துள்ளது. செலவு விவரத்தைச் செயலாளர் அவர்கள் கூறுவார்கள். நாம் கூற விழைவது வேறு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் தாமிரபரணிக் கரையில் எவரும் மறந்திருக்க இயலாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நெல்லைச் சந்திப்பின் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. அத்தகைய வெள்ளத்தில் முதலில் அழிவது அலமாரியின் கீழ்த்தட்டில் உள்ள காகிதமே. நிகாஹ் தஃப்தரின் ஒரு பக்கம் ஒட்டிப்போனால் ஒரு விதவையின் வாரிசுரிமை தடைப்படும். 2025 ஜூனில் மத்திய அரசு தொடங்கிய உமீத் இணையதளத்தில் வக்ஃபுச் சொத்துகளைப் பதிய ஆறு மாதத் தவணையே தரப்பட்டது. பத்திரத்தைத் தேடித் தொடங்குவோருக்கு ஆறு மாதம் எம்மாத்திரம்? ஆகவே தஃப்தர்களையும் பத்திரங்களையும் ஸ்கேன் செய்து, ஒரு பிரதியை ஆற்றங்கரைக்கு அப்பால் வேறோர் ஊரில் வைத்தல் அவசியம்.

கேமரா விஷயத்தில் நமக்குக் கவலை மிகுதி. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட் நகர மகப்பேறு மருத்துவமனை ஒன்றில், பெண்களைப் பரிசோதிக்கும் அறையின் கேமராக் காட்சிகள் திருடப்பட்டு இணையத்தில் விற்கப்பட்டமை வெளியாயிற்று. எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல்லே திருடர்களுக்கு வழி திறந்ததாகச் செய்திகள் வந்தன.

உண்டியலுக்கும் வாகனங்களுக்கும் கேமரா வேண்டும், மறுப்பில்லை. ஆயின் ஹவுழ், கழிப்பறை, பெண்கள் தொழுமிடம் ஆகியவற்றை நோக்கி ஒன்றும் திரும்பலாகாது. பிறர் குறையைத் துருவி ஆராய்வதை சூரத்துல் ஹுஜுராத் தடுத்துள்ளது. யார் ஃபஜ்ருக்கு வரவில்லை என்று பார்க்க இது கருவியாகக் கூடாது. (அந்த ஆசை சிலருக்கு இருப்பதை நாம் அறிவோம்!)

பொருத்த வருபவரிடம் ஒன்றைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். கேமரா இணைப்பும் தஃப்தர்க் கணினியின் இணைப்பும் தனித்தனியே இருக்கட்டும். ஒன்றில் புகுந்தவன் மற்றதை எளிதில் அடைய முடியாது. பதிவுப்பெட்டி மாடியில், பூட்டிய அலமாரியில் இருந்தால் வெள்ளத்துக்கும் தப்பும், திருடனுக்கும் தப்பும். பழைய பதிவுகள் முப்பது நாளில் தாமே அழியட்டும். காட்சியைப் பார்க்க நேர்ந்தால் முத்தவல்லியும் செயலாளரும் சேர்ந்தே பார்த்து, நாளையும் காரணத்தையும் நோட்டில் எழுதிவைப்பார்களாக.

நிர்வாகம் மாறும் அன்றே கடவுச்சொல்லும் மாற வேண்டும். சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டுப் போனவரின் கைபேசியில் பள்ளிவாசல் காட்சி ஓடிக்கொண்டிருக்கலாகாது. இதனையும் இன்றைய தீர்மானத்தில் எழுதிச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.