தனித்து மக்களைப் பேணுவோரும் தேகப்பயிற்சியும்

(காரைக்காலில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற திங்கள் நம் செயலாளர் எம்மிடம் வந்து, "ஐயா, இம்முறை இலக்கியம் வேண்டா, குடும்பத்துக்குப் பயன்படுவது ஏதேனும் பேசுங்கள்" என்று பணித்தார். இலக்கியம் குடும்பத்துக்குப் பயன்படாது என்னும் அவர்தம் கொள்கைக்கு யாம் உடன்படோம். அவ்வழக்கைப் பிறிதொரு நாள் வைத்துக்கொள்வோம். இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் தேகப்பயிற்சி. அதிலும், துணையை இழந்தோ துணையாற் கைவிடப்பட்டோ ஒருவரே தாயும் தந்தையுமாய் நின்று, பகலெல்லாம் வெளியே உழைத்து, மக்களையும் வளர்ப்பவர் தம் உடலைப் பேணுவது எங்ஙனம் என்பதே இன்றைய கேள்வி.

இத்தகையோர் நம் உறவின்முறையில் எத்துணைப் பேர் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினோம். இரண்டு கைகளும் போதவில்லை. கணவர் வளைகுடா நாடுகளிலும் பிரான்சிலும் இருக்க, இங்கே மூத்தோரும் அருகில்லாது குழந்தைகளுடன் வாழும் சகோதரிகளையும் சேர்த்தால் கணக்கு இன்னும் நீளும். பணம் திங்கள்தோறும் வரலாம். காய்ச்சல் கண்ட குழந்தையை இரவிலே தோளிற் சுமக்க அப்பணம் எழுந்து வாராது.

எம் வரலாற்றையே முதலிற் கூறிவிடுகிறோம், நீங்கள் அறியாததன்று. எம் மனையாள் இறந்தபோது எம் மகளுக்கு வயது 4. பள்ளி, வீட்டிலே தனிப்பாடம், சமையல், துணி, குழந்தை என ஆறு ஆண்டுகள் உருண்டோடின. அவ்வாண்டுகளில் யாம் உண்டது பெரும்பாலும் குழந்தை மிச்சம் வைத்த சோறு; அமர்ந்தது பெரும்பாலும் நாற்காலியிலும் வண்டியிலுமே. இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு நாள் பள்ளி மாடிப்படியிற் பாதியிலே கண் இருண்டது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றோம். குருதியைச் சோதித்தபோது சர்க்கரை மிகுந்திருந்தது.

இதில் யாம் தனியரல்லோம் என்பதும் பிறகே தெரிந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நிகழ்ந்து 2023-ஆம் ஆண்டில் வெளியான பேராய்வொன்று, நாட்டில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேற்பட்டோர் என்கிறது. அதனிலே நம் புதுச்சேரி ஆட்சிப்பகுதி, கோவாவுக்கு அடுத்தபடியாக, 100 பெரியவர்க்கு ஏறத்தாழ 26 பேர் என்னும் கணக்கில் இரண்டாமிடம் பெற்றுள்ளது. எத்தனையோ பெருமைகளுக்கு நாம் போட்டியிடுகிறோம். இப்பெருமை கேளாமலே வந்து சேர்ந்தது.

வைத்தியர் நல்லவர். "நாள்தோறும் முக்கால் மணி நேரம் நடங்கள்" என்றார். யாம் அவரை நோக்கி, "யாரிடம் விட்டுவிட்டு நடப்பது?" என்று வினவினோம். அவர் எழுதுகோலை வைத்துவிட்டுச் சிறிது நேரம் எம்மையே பார்த்தார். மருந்துச் சீட்டில் எழுதக்கூடிய விடை அவரிடம் இல்லை.

ஆயினும் முயன்றோம். விடியற்காலை ஐந்து மணிக்கு, குழந்தை உறங்குகையிலே, கதவைச் சாத்திவிட்டு அரசலாற்றங்கரை வழியே கடற்கரை நோக்கி நடந்தோம். பத்து நாட்கள் யாதொரு குறையுமின்றிச் சென்றன. பதினோராம் நாள் திரும்பி வருகையில் எம் மகள் இருட்டிலே வாயிற்படியில் அமர்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். "அப்பாவும் போய்விட்டீர்களென்று நினைத்தேன்" என்றாள். அன்றோடு அந்நடை நின்றது. முக்கால் மணி நேரப் பயிற்சியின் பலனை யாம் அறிவோம். அவ்வொரு சொல்லின் எடையையும் அறிவோம்.

எனவே எல்லோரும் கூறும் "மனமிருந்தால் நேரமுண்டு" என்னும் மொழியை யாம் ஒப்புக்கொள்ளோம். அதைக் கூறுவோர் வீட்டிலே குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறொருவர் இருப்பர். தனித்தவர்க்கு இல்லாதது மனமன்று. அரைமணி நேரம் பிள்ளையைக் காக்கும் ஓர் ஆள். அவ்வாள் கிடைக்கும்வரை செய்யத்தக்கது யாது என்று தேடிப் படித்தோம். கண்டவற்றைக் கூறுகிறோம்.

1953-ஆம் ஆண்டில் ஜெரமி மாரிஸ் என்னும் பிரித்தானிய மருத்துவர், இலண்டன் மாநகரத்து இரட்டைமாடிப் பேருந்துகளில் வேலை செய்தோரை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரே பேருந்து, ஒரே தெரு, ஒரே வகைக் குடும்பம்; ஓட்டுநர் பகலெல்லாம் அமர்ந்திருப்பவர், நடத்துநர் சீட்டுக் கொடுக்க நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகள் ஏறியிறங்குபவர். மாரடைப்பு ஓட்டுநரிடையே மிகுதியாகவும் நடத்துநரிடையே குறைவாகவும் இருக்கக் கண்டார். ஓட்டுநர் வேலைக்குச் சேரும்போதே பருத்தவராயிருந்திருக்கலாமே என்னும் ஐயம் எழவே, அவர்களுக்கு உடுப்பு வழங்கிய அளவுப் பதிவேடுகளையெல்லாம் எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர் இடுப்பு பெருத்தவரே. எனினும் மெலிந்தோர், நடுத்தரத்தார், பருத்தோர் என்று பிரித்துப் பார்த்தபோதும் நடத்துநரே நன்னிலையில் இருந்தனர். கால்சட்டை அளவைக்கொண்டு நெஞ்சின் நிலையை ஆராய்ந்த அம்மதிநுட்பத்தை யாம் மிக வியந்தோம். எமக்கு அதனினும் வியப்பாய்ப் பட்டது வேறொன்று: அந்நடத்துநர் அதற்கெனத் தனியே நேரம் ஒதுக்க வேண்டியிருந்ததில்லை. படிகள் அவர்தம் வேலையினுள்ளேயே கிடந்தன.

உலக நலவாழ்வு நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு நெறியும் இதற்கு அரண் செய்கிறது. பெரியவர்க்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை நடுத்தர உழைப்பு, அன்றியும் வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி என்பது அதன் அளவு. முன்னெல்லாம் தொடர்ந்து பத்து நிமிடமேனும் செய்தாலன்றிக் கணக்கிற் சேராது என்றிருந்தனர். அவ்விதியை இப்போது நீக்கிவிட்டனர். மூன்று நிமிடமும் கணக்கே, ஐந்து நிமிடமும் கணக்கே. வாஷிங்டனில் நிகழ்ந்து 2013-இல் வெளியான சிறியதோர் ஆய்விலே, மூன்று வேளையும் உணவுக்குப்பின் பதினைந்து பதினைந்து நிமிடம் நடப்பது, ஒரே மூச்சில் நாற்பத்தைந்து நிமிடம் நடப்பதற்கு ஈடாகச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தக் கண்டனர். அறுபது வயது கடந்த பதின்மரை மட்டும் வைத்துச் செய்ததாகலின் அதனை வேதவாக்காகக் கொள்ள வேண்டா. ஆயினும் எம் வைத்தியர் கூறிய முக்கால் மணியை மூன்றாக உடைக்கலாம் என்னும் துணிவை அதுவே எமக்குத் தந்தது.

இனி எம் நாள்முறை. காலையில் இட்டிலித் தட்டு அடுப்பேறியதும் அது வேகும் பத்து நிமிடத்தில் பஸ்கியும், சுவரிலே கையூன்றித் தண்டாலும் எடுக்கிறோம். தரையிலே தண்டால் எடுக்க இவ்வுடல் இன்னும் இசையவில்லை. எண்ணுவது எம் மகள். யாம் திணறுவதைக் கண்டால் இருபத்தொன்றிலிருந்து இருபத்தாறுக்குத் தாவிவிடுவாள். கணக்கிலே அவள் பெறும் மதிப்பெண் குறைவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்னும் அச்சம் எமக்குண்டு. பிறகு பள்ளிக்கு வண்டியை எடுப்பதில்லை. இருவருமாய்ப் பதினைந்து நிமிடம் நடந்தே செல்கிறோம். நடுப்பகல் உணவுக்குப்பின் பள்ளித் திடலைச் சுற்றிப் பத்து நிமிடம். இரவு உணவுக்குப்பின் அம்மையார் குளக்கரைப் பக்கம் பதினைந்து நிமிடம். அவள் மிதிவண்டியில் முன்னே, யாம் பின்னே. நடை மட்டும் நாளொன்றுக்கு நாற்பது நிமிடம். வாரத்தில் ஐந்து நாளாயின் இருநூறு. நடையின் வேகம் பேசக்கூடியதாயும் பாடக்கூடாததாயும் இருத்தல் வேண்டும் என்பர். பண்டிதர்க்கு இது கடினமான அளவுகோல். எத்துணை மூச்சு வாங்கினும் பேச்சை நிறுத்தோம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இம்முறை தடுமாறும். அப்போது திண்ணையிலும் மாடிப்படியிலும் வைத்துக்கொள்கிறோம். சில வாரங்கள் ஒன்றும் நடவாமற் போவதும் உண்டு; போனதற்கு வருந்திக்கொண்டிராமல் மறுவாரம் தொடங்குகிறோம். ஆறு திங்களில் சர்க்கரை இறங்கியது. மாத்திரையை வைத்தியர் குறைத்தார், யாமாகக் குறைத்தோமில்லை. நெஞ்சுவலியோ மயக்கமோ உடையவரும், சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்பவரும் வைத்தியரைக் கேளாது தொடங்கற்க. காலில் உணர்ச்சி மங்கியவர் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. நாலு மணி நேரமே உறங்குபவர் அவ்வுறக்கத்திலும் அரைமணியை வெட்டிப் பயிற்சிக்குக் கொடுத்தலும் தகாது. அவர்க்கு முதல் மருந்து உறக்கமே.

ஈண்டுச் சிலர், "நம் பாட்டிமார் பயிற்சியா செய்தனர்? அம்மியும் உரலும் கிணறும் போதாவோ?" என்று வினவலாம். போதும்தான். ஆனால் அவ்வுரலிலே இடித்திடித்து நாற்பது வயதிற்குள் முதுகு வளைந்த பாட்டிமாரையும் யாம் கண்டிருக்கிறோம். உழைப்பு வேறு, பயிற்சி வேறு. ஜவுளிக்கடையிலே பத்து மணி நேரம் நின்றுகொண்டிருக்கும் சகோதரிக்கு மாலையிலே கால் வீங்கும், நெஞ்சு வலுப்பெறாது. தமிழ்நாட்டிலே 2021-ஆம் ஆண்டில் கடைப் பணியாளர்க்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டம் செய்தனர். நம்மூர் நாற்புறமும் தமிழ்நாட்டாலும் கடலாலும் சூழப்பட்டிருப்பினும் அச்சட்டத்துக்குப் புறம்பானது. இங்குள்ள முதலாளிமார், நம்மவர் பலர் உட்பட, தாமே மனமுவந்து ஒரு முக்காலி போட்டால் யாரும் தடுக்கப்போவதில்லை.

கடைப்பேச்சு வந்தமையால் சொல்லாது விடமுடியாத ஒன்றைச் சொல்கிறோம். நம் உறவின்முறையைச் சேர்ந்த சகோதரி ஒருவர், பெயர் கூறோம். கணவரை இழந்தவர், மகன் ஒருவன், கடையிலே வேலை. இரத்த அழுத்தம் கண்டு, வைத்தியர் சொற்படி, கடை முடிந்தபின் மகனையும் அழைத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடந்து வந்தார். இம்மன்றத்திலே நடந்த ஒரு நிச்சயதார்த்தத்தில், "புருஷன் இல்லாதவளுக்கு இப்போது கடற்காற்று வேண்டியிருக்கிறது" என்று ஒரு பெரியவர் சொன்னார். பலர் சிரித்தனர். யாமும் அங்கிருந்தோம், வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தோம், வாய் திறந்தோமில்லை. அவர் மகனும் அங்கே பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தான் என்பதை யாம் அப்போது கவனிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவ்வம்மையார் நடப்பதை நிறுத்திவிட்டார். அதே பெரியவர் அவ்வாரமே எம்மைக் குளக்கரையிற் கண்டு, "பெண்ணை எப்படி வளர்க்கிறார் பாருங்கள், உடம்பையும் பார்த்துக்கொள்கிறார்" என்று பிறரிடம் புகழ்ந்தார். ஒரே ஊர், ஒரே நடை, ஒரே நிலைமை. மாரிஸ் ஆராய்ந்த ஓட்டுநர்க்கும் நடத்துநர்க்கும் இடையே படிகள் இருந்தன. எமக்கும் அச்சகோதரிக்கும் இடையே இருந்தது நம் வாய்.

அன்பர்களே, இது எந்த ஊர்? கணவனாற் பிரியப்பட்ட பெண்ணொருத்தி, எவரையும் துணைக்கொள்ளாது, கயிலை வரை நடந்தாள் என்று ஆனித் திங்கள்தோறும் மாங்கனி இறைத்து விழாக் கொண்டாடும் ஊர். அவ்வம்மையார் தலையாலே நடந்ததைப் பாடிப் பரவும் நாம், இன்னொருத்தி காலாலே கடற்கரை வரை நடப்பதைப் பொறுத்துக்கொள்ளலாகாதா?

அச்சகோதரியிடம் சென்ற வாரம் நேரிற் சென்று எம் மௌனத்துக்கு மன்னிப்புக் கேட்டோம். அவர், "அண்ணா, மன்னிப்பெல்லாம் எதற்கு? அரைமணி நேரம் பையனை யாராவது பார்த்துக்கொண்டால் போதும், அவன் இப்போது என்னோடு வெளியே வரக் கூசுகிறான்" என்றார். ஆகவே யாம் இச்சங்கத்தின் முன் வைக்கும் வேண்டுகோள் சிறிது. நம் மன்றம் முகூர்த்த நாளல்லாத நாட்களிலே பூட்டிக் கிடக்கிறது. காலை ஐந்தரை மணி முதல் ஆறரை வரை மேல்மாடியைத் திறந்துவைத்தால், தனித்துப் பிள்ளை வளர்க்கும் சகோதரிகள் அங்கே நடக்கலாம். பாய் விரித்துப் பயிற்சி செய்யலாம். மகளிர் அணியினர் இருவர் உடனிருக்க ஒப்பியிருக்கின்றனர். பிள்ளைகளைக் கீழே கூடத்தில் உறங்கவிடலாம், விழித்தவரைப் படிக்க வைக்கலாம். பார்த்துக்கொள்ள ஆள் யார் என்று கேட்பீர்கள். நாள்தோறும் அந்நேரத்திற்கே இத்திண்ணைக்கு வந்து, செய்தித்தாள் வரும்வரை தேநீருடன் காத்திருக்கும் ஓய்வுபெற்ற பெரியவர் அறுவரை யாம் அறிவோம். நிச்சயதார்த்தத்திற் பேசிய பெரியவரும் அவருள் ஒருவர். அவரிடம் யாமே சென்று கேட்டோம். நெடுநேரம் வாளா இருந்தார், பின், "பையன் சதுரங்கம் ஆடுவானா?" என்றார். ஆடுவான் என்று கூறியிருக்கிறோம்.

தலைவரவர்கள் திறவுகோலை எம்மிடம் ஒப்புவிக்க இசைந்துள்ளார்கள். வரும் திங்கட்கிழமை ஐந்தரைக்கு முன்னரே மாடிக் கதவு திறந்திருக்கும், படியில் விளக்கெரியும். பாய்கள் நான்கே உள்ளன. வருவோர் ஒவ்வொருவர் கொணர்க. எம் மகளும் வருவாள். எண்ணிக்கை வேண்டுவோர் அவளைக் கேட்கலாம், ஆனால் இருபத்தொன்றுக்குப் பிறகு சற்றுக் கவனமாயிருங்கள்.