மலைக் குப்பையும் கடல் வலையும்



பதுளையிலிருந்து எத்திசையிற் புறப்பட்டாலும் கடலைக் காண்பதற்குப் பல மணி நேரம் மலை இறங்கிப் பயணஞ் செய்தல் வேண்டும். ஊவாத் தோட்டங்களிற் பிறந்து, கொழுந்து பறித்து, கடலை ஒருமுறையேனும் காணாது முதுமையடைந்தோர் பலர். எனினும், கடல் அவர்களுடைய லயத்து அடுப்படிக்கு ஓயாது வந்துகொண்டே இருக்கிறது. உப்பாக வருகிறது, நெத்தலிக் கருவாடாக வருகிறது, மாதச் சம்பளத்தன்று மீனாகவும் வருகிறது. இதற்குப் பதிலாக மலை கடலுக்கு அனுப்புவது யாது? அனுப்புவது நீர் மட்டுமன்று என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

பதுளை நகரையொட்டி ஓடும் பதுளு ஓயா, துன்ஹிந்த நீர்வீழ்ச்சியாக 64 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்ந்து, பின்னர் மகாவலி கங்கையிற் கலக்கிறது. வெலிமடைப் பகுதியின் உமா ஓயாவும் மகாவலியையே சேர்கிறது. 335 கிலோமீற்றர் நீளமுடைய மகாவலி, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிற் கடலை அடைகிறது. எல்லப் பகுதியிலுள்ள இராவண எல்ல நீர்வீழ்ச்சியின் நீரோ கிரிந்தி ஓயாவுடன் சேர்ந்து தென்கடலை நாடுகிறது. ஆகவே, லயத்தின் பின்புறக் கானில் எறியப்படும் பொலித்தீன் பைக்கு இரண்டு கடல்களுக்கும் வழி திறந்தே இருக்கிறது. அவ்வாறு எறியப்படுவன யாவும் கடலைச் சேர்வதில்லை. சில பற்றைகளிற் சிக்கும். சில அணைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் தங்கும். எஞ்சியவற்றை மாரி வெள்ளம் கொண்டுபோகும்.

கடலைச் சேர்ந்த பிளாஸ்டிக் உக்கிப் போவதில்லை. வெயிலாலும் அலையாலும் அது சிறு துண்டுகளாக உடைகிறது. ஒரு பகுதி மிதக்கிறது. ஒரு பகுதி அடித்தரையிற் படிகிறது. அதனை முதலிற் கையால் தொடுபவன் மீனவன். மீனுக்கென விரித்த வலையில் போத்தல்களும், பைகளும், அறுந்த கயிறுகளும் ஏறுகின்றன. வலை கிழிகிறது, மீனைப் பிரித்தெடுக்கும் நேரம் நீள்கிறது, படகின் சுழலியில் பழைய வலை சுற்றிக்கொண்டால் அன்றைய தொழிலே நின்றுபோகிறது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் தீப்பற்றி, அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கியபோது, கடலுக்குச் செல்லலாகாதென்று முதலில் தடுக்கப்பட்டவர்களும் மீனவர்களே. கடல் கெடும்போது அவர்களுடைய உலைதான் முதலில் அணைகிறது.

இத்தகைய இடர்ப்பாட்டைக் கேரள மீனவர் ஒரு தொண்டாக மாற்றிய வரலாறு அறியத்தக்கது. கொல்லத்துக்கு அண்மையிலுள்ள நீண்டகரைத் துறைமுகத்தில் 2017ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ‘சுசித்துவ சாகரம்’ என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. தூய கடல் என்பது அதன் பொருள். அக்காலத்தில் மீன்வளத்துறை அமைச்சராயிருந்த ஜெ. மெர்சிக்குட்டி அம்மா அதற்கு ஊக்கமளித்தார். படகுகளுக்கு நைலோன் பைகள் வழங்கப்பட்டன. வலையில் ஏறும் பிளாஸ்டிக்கை அப்பையிலிட்டு, மீனோடு கரைக்குக் கொண்டுவருதல் வேண்டும். அவ்வளவே மீனவரிடம் கேட்கப்பட்டது. கரையில் மீனவக் குடும்பத்துப் பெண்கள் அதனைப் பெற்று, கழுவி, தரம் பிரித்தனர். அவ்வேலைக்கு அவர்களுக்குக் கூலி உண்டு. முதற் பத்து மாதங்களில் ஏறத்தாழ 25 தொன் பிளாஸ்டிக் கரையேற்றப்பட்டது.

உப்பும் மணலும் ஏறிய பிளாஸ்டிக்கைப் புதுப் பண்டமாக்குதல் எளிதன்று. ஆதலால் அதனை இயந்திரத்தில் இட்டுச் சிறு துகள்களாக்கி, வீதிக்குப் போடும் தாருடன் கலக்கலாயினர். கழிவுப் பிளாஸ்டிக்கைக் கொண்டு வீதி அமைக்கும் முறையை வகுத்தவர் மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன் என்பதையும் ஈண்டு நினைவுகூரலாம். 2018ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று.

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இத்திட்டத்துக்கு முன்னரும் நீண்டகரை மீனவர் வலையில் பிளாஸ்டிக் ஏறியே வந்தது. அவர்கள் அதனை மீண்டும் கடலிலேயே எறிந்துவந்தனர். கடலிடத்து அவர்களுக்கு அன்பில்லை என்பது காரணமன்று. கரைக்குக் கொண்டுவந்தால் அதனைப் பெற்றுக்கொள்வார் எவருமில்லை, வைப்பதற்கு இடமுமில்லை, சுமந்த செலவு மட்டுமே மிச்சம். படகிற் பையும், துறையில் ஏற்பதற்கு ஓர் இடமும், அங்கே கூலி பெற்று உழைக்கும் கைகளும் அமைந்த பின்னரே அவ்வழக்கம் மாறிற்று. ஒல்லாந்து நாட்டில் 2000ஆம் ஆண்டளவில் தொடங்கி வடகடற் கரை நாடுகள் சிலவற்றிற் பரவிய இதுபோன்ற திட்டமும் இதே முறையிலேதான் நடைபெறுகிறது. மீனவருக்குப் பை கொடுப்பதும், குப்பையைத் துறைமுகத்திற் செலவின்றி ஏற்பதும் அதன் அடிப்படை.

மீனவர் முயற்சியால் மட்டும் கடல் தூய்மையாகிவிடும் என்று எவரும் மயங்கலாகாது. வலைக்கு அகப்படுவது சிறு பங்கே. கடலிற் கிடக்கும் பழைய வலைகளும் கயிறுகளும் மீன்பிடித் தொழிலிலிருந்தே வந்தவை என்பதையும் மறைக்க இயலாது. நிறைந்து வழியும் தொட்டியிலிருந்து நீரை அள்ளிக் கொட்டுவோன் எவ்வளவு வல்லவனாயினும், பீலியை மூடாதவரை அவன் உழைப்புக்கு முடிவில்லை. அந்தப் பீலி மலையில் இருக்கிறது.

அப்படியாயின் குற்றம் தோட்டத் தொழிலாளியுடையதா? அவ்வாறு கூறுதல் நீதியன்று. மேலே கூறிய நீண்டகரை மீனவனின் நிலைதான் அவனுடையதும். குப்பையைச் சேர்த்து வைத்தால் எடுத்துச் செல்வார் வேண்டும். நீண்டகாலமாகப் பிரதேச சபைகள் தங்கள் நிதியைத் தோட்டங்களுக்குச் செலவிடுவதற்கு 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு இடையூறாக இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்துச் சபை உறுப்பினரைத் தெரிவுசெய்தனர். ஆயினும் அச்சபையின் பணிகள் லயத்து வாசலை எட்டுதல் அரிதாயிருந்தது. 2018ஆம் ஆண்டில் அப்பிரிவு திருத்தப்பட்டது. சட்டம் வழிவிட்ட பின்னர் வண்டியும் வழிவிட்டு வருதல் வேண்டுமன்றோ? 2017ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் பொலித்தீன் சோற்றுத் தாளைத் தடைசெய்த சட்டமும் வந்தது. குப்பையை ஏற்க ஓர் இடமில்லாத ஊரில், தடைச் சட்டம் மட்டும் தனித்து நின்று பயன் தருதல் கடினம்.

நீண்டகரையின் பாடம் பெரும் பொருட்செலவை வேண்டுவதன்று. லயத்துக்கு ஒரு பை; உரப்பையே அதற்குப் போதும். தோட்டத்துக்கு ஒரு சேகரிப்புக் கொட்டில். வாரத்தில் ஒரு குறித்த நாளில் தவறாது வரும் சபை வண்டி. தரம் பிரிக்கும் பெண்களுக்கு நியாயமான கூலி. இவற்றைத் தோட்ட நிர்வாகமும், பிரதேச சபையும், தொழிற்சங்கத் தலைவர்மாரும், கோயிற் சபையாரும் ஒன்றுகூடிப் பேசி முடிவு செய்யலாம். தம் வாக்கைக் கேட்டு வருவோரிடம், வீட்டையும் வீதியையும் கேட்பது போலவே குப்பை வண்டியையும் கேட்பது தொழிலாளர் உரிமையாகும். வண்டி வந்த பின்னரும் கானில் எறிவாராயின், அப்போது அவரைக் குறை கூறலாம்.

கொட்டியாரக் குடாவில் வலை இழுப்பவனும் பதுளைச் சரிவிற் கொழுந்து பறிப்பவளும் ஒருவரையொருவர் காணப்போவதில்லை. அவன் பிடித்த மீன் கருவாடாகி அவளுடைய சட்டிக்கு வரக்கூடும். அவளுடைய லயத்துக் கானின் நீர் அவன் வலைக்குப் போகக்கூடும். அந்த நீர் வெறும் நீராகவே போய்ச் சேர்வதற்கு வழிசெய்தல் மலையில் வாழ்வோர் கடமை. அதற்கு வேண்டிய வசதியைச் செய்து கொடுத்தல் மலையை ஆள்வோர் கடமை.