நாம் அமர்கிறோம், அவர்கள் நிற்கிறார்கள்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொள்வது லூக்கா நற்செய்தி 22ஆம் அதிகாரம், 24 முதல் 27 வரையுள்ள இறைவசனங்கள். இறுதி இராவுணவு நேரம். ஆண்டவர் அப்பத்தையும் கிண்ணத்தையும் கொடுத்து முடித்திருக்கிறார். அந்த ஈரம் காய்வதற்குள் சீடர்களிடையே ஒரு வாக்குவாதம் எழுகிறது. தங்களுள் யார் பெரியவர் என்பதுதான் பிரச்சினை. இயேசு அவர்களுக்குப் பதில் சொல்ல வெளியே எங்கும் உவமை தேடவில்லை. அவர்கள் உட்கார்ந்திருந்த பந்தியையே காட்டுகிறார். உட்கார்ந்து சாப்பிடுபவர் பெரியவரா, பரிமாறுபவர் பெரியவரா என்று கேட்கிறார். உட்கார்ந்திருப்பவர்தான் பெரியவர் என்று உலகம் சொல்லும். நானோ உங்கள் நடுவில் பரிமாறுபவனாக இருக்கிறேன் என்கிறார்.

கோவிலில் கேட்கும்போது இந்த வசனம் நமக்கு எளிதாகப் புரிந்துவிடுகிறது. திருப்பலி முடிந்து குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போய் உட்காரும்போது அது நினைவில் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை வெளியே சாப்பிடுவது இப்போது சாதாரணக் குடும்பங்களுக்கும் பழக்கமாகிவிட்டது. அதைக் குறை சொல்வதற்கு நான் வரவில்லை. இயேசுவே பல வீடுகளில் விருந்துண்டவர். அதற்காகவே அவரைப் பெருந்தீனிக்காரர் என்று ஏசியவர்களும் உண்டு. நாம் வெளியே சாப்பிடும் மேசையில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பம். தாத்தா, அப்பா, அம்மா, பதினோராம் வகுப்புப் படிக்கும் மகன், நான்காம் வகுப்பு மகள் என ஐந்து பேர். மாதத்தின் முதல் ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் ஊரில் ஏதாவது ஓர் உணவகத்தில் மதியச் சாப்பாடு என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய அனுபவங்களில் மூன்றை அவர்களின் சம்மதத்தோடு உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, அம்மாவைப் பற்றியது. ஒரு சிறிய மெஸ்ஸில் இலைச் சாப்பாடு. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, கூட்டு பொரியல் வைத்து, சோறு வந்து, சாம்பார் வாளி வந்தது. அந்த அம்மா சாப்பிடாமல் மற்ற நான்கு இலைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்கு அப்பளம் வந்ததா, மாமாவுக்குச் சோறு குழைவாக இருக்கிறதா என்று. பரிமாறிய பெரியவர் சொன்னாராம்: “அம்மா, அதெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீங்க சாப்பிடுங்க, ஆறிடும்.” அன்று ரசம் வரை சூடாகச் சாப்பிட்டதாகவும், பிள்ளைகள் பிறந்தபின் வீட்டில் அப்படிச் சாப்பிட்ட ஞாபகமே இல்லை என்றும் அந்தத் தாய் என்னிடம் சொன்னார்கள்.

இதை அவர்கள் ஒரு புகாராகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். ஆனால் அதற்குப் பின்னால் இருப்பது நம்முடைய பல வீடுகளின் நிலை. ஆண்களும் பிள்ளைகளும் உட்காருகிறார்கள். தாய் நின்று பரிமாறுகிறார். எல்லாரும் எழுந்தபிறகு மிஞ்சியதை வைத்துக்கொண்டு அவர் உட்காருகிறார். தோசை சுடும் நாளென்றால் கேட்கவே வேண்டாம். கடைசித் தோசை சுட்டு அடுப்பை அணைத்தபிறகுதான் அவருக்கு முதல் தோசை. மாதத்தில் ஒரு நாள் ஓட்டல் மேசை அந்தத் தாயையும் மற்றவர்களோடு சேர்த்து உட்காரவைக்கிறது என்றால், அந்த மேசைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். மீதி நாள்களில் நம் வீட்டு மேசை ஏன் அதைச் செய்வதில்லை என்றும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, தாத்தாவைப் பற்றியது. இந்த முறை போனது குளிர்சாதன வசதியுள்ள பெரிய உணவகம். நல்ல கூட்டம். சொன்னது வர அரை மணி நேரம் ஆகிவிட்டது. வந்தபோதும் கேட்டதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. பேரனுக்குக் கோபம். சர்வரைப் பார்த்து, “என்னய்யா, காது கேக்காதா? காசு குடுத்துத்தானே சாப்பிடுறோம்?” என்று கேட்டுவிட்டான். சர்வருக்கு அவனுடைய அப்பா வயது இருக்கும். அவர் ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்போது தாத்தா பேசினார். அவருடைய இளம் வயதில், அவருடைய ஊர் டீக்கடையில், அவருடைய தெரு ஆட்களுக்குப் பெஞ்சு கிடையாது. கடைக்கு வெளியே நின்றுதான் குடிக்க வேண்டும். கிளாசும் தனி. குடித்துவிட்டு அவர்களே கழுவி, அதற்கென்று உள்ள இடத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். “நானும் காசு குடுத்துத்தாம்பா குடிச்சேன். காசு குடுத்தும் நின்னுக்கிட்டுதான் குடிச்சேன். இன்னைக்கு நீ உக்காந்திருக்க. உக்காந்துக்கிட்டு நிக்கிறவரை இப்படிப் பேசலாமா?” என்று கேட்டார். பேரனுக்கு அந்தக் கதை அதுவரை தெரியாது. சர்வர் திரும்பி வந்தபோது அவன் எழுந்து, “மன்னிச்சிருங்க அண்ணே” என்றான்.

அன்பார்ந்தவர்களே, 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, சாதி, சமயம் போன்ற காரணங்களால் யாரையும் கடைகளிலும் பொது உணவகங்களிலும் அனுமதிக்க மறுக்கக் கூடாது என்று சொல்கிறது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் ‘உணவகம்’ என்ற சொல்லையே எழுதிவைக்க வேண்டிய அளவுக்கு அந்தக் காயம் ஆழமானது. ஓட்டல்காரர்களை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிக்கவும் முடியாது. ஒரே அப்பத்தைப் பகிரும் ஆலயத்திற்குள்ளேயே தனித்தனி இடம் ஒதுக்கி உட்கார்ந்த காலம் நம் தமிழ்நாட்டுத் திருச்சபையிலும் இருந்தது. யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்பது வெறும் நாற்காலி விவகாரம் அல்ல. அது மனித மாண்பைப் பற்றிய கேள்வி.

நிற்பவரின் கால் வலிக்கும் என்பதை ஏற்றுக்கொள்ளவும் நமக்குச் சட்டம் தேவைப்பட்டது. 2021ஆம் ஆண்டில்தான் தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்குப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்ற விதி சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பு நம்முடைய அக்கா தங்கைகள் எத்தனை பேர் துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றிருப்பார்கள்!

மூன்றாவது அனுபவம்தான் என்னை மிகவும் பாதித்தது. பேருந்து நிலையம் அருகே ஒரு பிரியாணிக் கடை. அந்தக் குடும்பத்தில் எங்கே சாப்பிட்டாலும் சிலுவை அடையாளம் வரைந்து செபித்துவிட்டுத்தான் கை வைப்பார்கள். அன்றும் அப்படியே செய்தார்கள். பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த இளைஞன் துணியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றான். அவர்கள் செபம் முடித்தபோது அவனும் நெற்றியில் கை வைத்துச் சிலுவை அடையாளம் போட்டான். பிறகு மெதுவாக, “ஜெய் யேசு” என்றான்.

அவன் ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்துக்காரன். ராஞ்சியைச் சுற்றியுள்ள அந்தப் பகுதிக்கு 1885இல் கான்ஸ்டன்ட் லீவன்ஸ் என்ற பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு வந்தார். பழங்குடி மக்களின் நிலம் பறிபோகாமல் இருக்க வழக்குகளில் அவர்களுக்குத் துணை நின்று, அவர்களிடையே விசுவாசத்தை விதைத்தார். அந்த விசுவாசத்தின் கனி இன்று நம் ஊர்ப் பிரியாணிக் கடையில் மேசை துடைத்துக்கொண்டிருக்கிறது. அவன் தமிழ்நாட்டுக்கு வந்து எட்டு மாதம். ஒரு திருப்பலிக்குக்கூடப் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, தெரிந்த கொஞ்சத் தமிழில், “சண்டே ரொம்பக் கூட்டம் அண்ணா” என்றானாம்.

அந்தக் கூட்டம் யார்? நாம்தான். நாம் திருப்பலி முடித்துச் சாப்பிடப் போகிறோம். நமக்குப் பரிமாற வேண்டியிருப்பதால் அவனால் திருப்பலிக்கு வர முடியவில்லை. நம்முடைய ஓய்வு நாள் அவனுக்கு வாரத்திலேயே கடினமான வேலை நாள்.

புனித பவுல் கொரிந்து நகரத் திருச்சபைக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 11ஆம் அதிகாரத்தில் இதைப் போன்ற ஒரு நிலையைப் பார்க்கிறோம். ஆண்டவருடைய பந்திக்கென்று கூடிவந்தவர்களில் சிலர் தங்கள் உணவை முந்திக்கொண்டு உண்டார்கள். சிலர் பசியோடு இருந்தார்கள். நேரத்தோடு வர முடிந்தவர்கள் வசதியுள்ளவர்கள் என்றும், வேலை முடிந்து வந்து சேர வேண்டியிருந்தவர்கள் உழைக்கும் ஏழைகள் என்றும் விவிலிய அறிஞர்கள் பலர் விளக்குகிறார்கள். பவுல் கோபப்படுகிறார். இப்படிச் சாப்பிடுவது ஆண்டவருடைய விருந்தே அல்ல என்கிறார். கடைசியில் அவர் சொல்லும் தீர்வு மிக எளிமையானது. உண்பதற்குக் கூடிவரும்போது ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டும் என்கிறார்.

காத்திருப்பது என்றால் இன்று என்ன பொருள்? உணவகங்களில் மதியக் கூட்டம் ஓய்ந்து, இரவுக் கூட்டம் தொடங்குவதற்கு முன், நான்கு மணிவாக்கில் பணியாளர்களுக்குச் சற்று நேரம் கிடைக்கிறது. எங்கள் பங்கில் பங்குப் பேரவையினர் கூடிப் பேசி, மாதத்தில் ஒரு ஞாயிறு அந்த நேரத்தில் திருப்பலி வைத்திருக்கிறோம். வாசகம் ஒன்று இந்தியில் வாசிக்கப்படுகிறது. முதல் முறை ஆறு பேர் வந்தார்கள். சமையல்கட்டிலிருந்து அப்படியே வந்தவர்கள். இது பெரிய சாதனை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஆறு பேரும் அன்று உட்கார்ந்திருந்தார்கள். என் உடன் குருக்களிடமும் இதைப் பணிவோடு முன்வைக்கிறேன்.

கானா ஊர்த் திருமணத்தை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் திராட்சை இரசமாக மாறியது. பந்தி மேற்பார்வையாளர் சுவைத்துப் பார்த்தார். அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. தண்ணீர் மொண்டு வந்த பணியாளர்களுக்குத் தெரிந்திருந்தது என்று யோவான் நற்செய்தி குறிப்பிட்டுச் சொல்கிறது. இயேசுவின் முதல் அரும் அடையாளத்திற்குச் சாட்சிகளாக இருந்தவர்கள் நின்று வேலை செய்தவர்கள். உயிர்த்த ஆண்டவரும் திபேரியக் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் தயார் செய்து, இரவெல்லாம் உழைத்துக் களைத்து வந்த சீடர்களைச் சாப்பிட அழைத்தார். லூக்கா 12ஆம் அதிகாரத்தில் இன்னும் வியப்பான ஒரு காட்சி வருகிறது. தலைவர் வீடு திரும்புகிறார். விழித்திருந்த பணியாளர்களைப் பந்தியில் உட்காரவைத்து, தாமே இடையை வரிந்து கட்டிக்கொண்டு பரிமாறுகிறார். விண்ணக விருந்தில் யார் உட்காருவார்கள், யார் பரிமாறுவார் என்பதை ஆண்டவர் அங்கே சொல்லிவிட்டார்.

ஆகவே, இந்த வாரம் சில சிறிய காரியங்களைச் செய்வோம். வீட்டில் ஒரு வேளையாவது தாயை முதலில் உட்காரவைத்து மற்றவர்கள் பரிமாறுங்கள். ஓட்டலில் விரலைச் சொடுக்கியோ, மேசையைத் தட்டியோ யாரையும் கூப்பிடாதீர்கள். அண்ணே, தம்பி, அக்கா என்ற அழகான சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. தவறு நடந்தால் சொல்லலாம், அவமானப்படுத்தக் கூடாது. பிள்ளைகள் சிந்தியதைத் துடைப்பவரும் ஒரு தாயின் பிள்ளை என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். பரிமாறுபவரின் பெயரையும் ஊரையும் கேளுங்கள். அவர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவராக இருந்தால், ஆலயம் எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திருப்பலி என்று சொல்லுங்கள். முடிந்தால் அழைத்து வாருங்கள். உணவகம் நடத்தும் சகோதரர்களே, உங்களிடம் ஒரு தனி வேண்டுகோள். உங்கள் பணியாளர்களுக்கு உட்கார ஓர் இருக்கையும், சூடாகச் சாப்பிட நேரமும், வார விடுமுறையும், கடவுளைத் தொழ விரும்புகிறவர்களுக்கு அதற்கான ஒரு மணி நேரமும் கொடுங்கள்.

மன்றாடுவோம். எங்கள் நடுவில் பரிமாறுபவராக இருக்கின்ற ஆண்டவரே, எங்களுக்காகச் சமைப்பவர்களையும், பரிமாறுபவர்களையும், எச்சில் இலை எடுப்பவர்களையும், பாத்திரம் தேய்ப்பவர்களையும் ஆசீர்வதியும். பிழைப்புக்காக வீட்டையும் மொழியையும் விட்டு எங்கள் ஊருக்கு வந்திருப்பவர்களைக் காத்தருளும். உமது பந்தியில் அவர்களுக்கும் இடம் உண்டு என்பதை நாங்கள் மறவாதிருக்கச் செய்தருளும். ஆமென்.