நிலநடுக்கச் சேதத்தை முன்கூட்டியே கணிக்கலாம்
(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



பயிரைப் பற்றிப் பேச வேண்டியவன் பூகம்பத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று நீங்கள் நினைக்கலாம். இரண்டிலும் கணிக்கும் முறை ஒன்றுதான். ஒரு வட்டாரத்தின் நெல் மகசூலை அறிய எல்லா வயலையும் அறுத்து எடை போடுவதில்லை. சில வயல்களில் 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் அளந்து அறுத்து, அதைக் கொண்டு மொத்தத்தைக் கணிக்கிறோம். நிலநடுக்கச் சேதத்தையும் இவ்வாறே கணிக்கலாம்.

நிலநடுக்கம் எந்த நாளில் வரும் என்று எவராலும் சொல்ல இயலாது. வந்தால் எவ்வகை வீடு விழும் என்பதைச் சொல்ல இயலும்.

1993 செப்டம்பர் 30 அதிகாலை, 4 மணிக்குச் சற்று முன்பு, மகாராஷ்டிர மாநிலம் லாத்தூர் மாவட்டத்தில் கில்லாரிப் பகுதி அதிர்ந்தது. அளவு 6.2 தான். ஆயினும் 7,900-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். காரணம் என்ன? சேற்றுமண் வைத்து உருண்டைக் கற்களால் எழுப்பிய தடித்த சுவர்கள்; வெயிலைத் தடுக்க மரச்சட்டத்தின் மேல் ஓர் அடிக்கும் அதிகமாகக் கொட்டிய மண். அந்தப் பாரமே உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தது. அப்போதைய வரைபடத்தில் அது அபாயம் மிகக் குறைந்த மண்டலம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஓர் ஊரில் 400 வீடுகள். அவற்றில் 200 மண்சாந்துக் கல் வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். பலத்த அதிர்வில் இவற்றில் பாதி விழுமானால் 100 வீடுகள். வீட்டுக்கு 5 பேர் என்றால், இரவில் 500 பேர் இடிபாட்டில் சிக்குவர். பகலில் பலர் வயலில் இருப்பதால் எண்ணிக்கை குறையும். இப்படி ஊர் ஊராகக் கூட்டினால், மாவட்டத்துக்கு எத்தனை மருத்துவப் படுக்கைகள், கூடாரங்கள், மண் அகற்றும் இயந்திரங்கள், எவ்வளவு குடிநீர், கால்நடைத் தீவனம் தேவை என்பது முன்னரே தெரிந்துவிடும்.

இக்கணக்கின் விதை உங்கள் கையில் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுவர் எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது என்று கேட்பார்கள். உள்ளபடி சொல்லுங்கள். மண்சுவரைச் செங்கல் என்று சொன்னால், உங்கள் ஊருக்கு வரவேண்டிய உதவி கணக்கில் குறைந்துவிடும்.

நமக்கு இது வராது என்று இருந்துவிடலாகாது. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியிலும் நிலம் அதிர்ந்திருக்கிறது.

ஆகவே, கூரைமேல் உள்ள மண் பாரத்தைக் குறையுங்கள். புதிதாகக் கல் சுவர் எழுப்பும்போது, சுவரின் இரு முகங்களையும் இணைக்கும் நீளக் கற்களை இடையிடையே வையுங்கள். கதவு, சன்னலுக்கு மேல்மட்டத்தில் வீட்டைச் சுற்றிலும் கம்பி வைத்த கான்கிரீட் கட்டு போடுங்கள். விழும் வீடுகளின் கணக்கில் உங்கள் வீடு சேராமல் இருக்கட்டும்.