கறுப்பு வல்லூறும் கைவினைஞரும்

திரைப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவோர் சிலரின் நெஞ்சில் நடிகரின் முகத்தைக் காட்டிலும், படத்திலே கண்ட ஒரு பொருளே நிலைத்து நிற்பதுண்டு. அது ஒரு வாளாக இருக்கலாம். ஒரு மணிமுடியாக இருக்கலாம். ஒரு சிறு சிலையாகவும் இருக்கலாம். நாடகக்காரர் இவற்றை அரங்கப்பொருள் என்பர். படப்பிடிப்பு முடிந்த பின்னர் அவற்றுட் பெரும்பாலானவை களஞ்சிய அறையிற் கிடந்து தூசி படியும்; சில குப்பைக்குப் போகும். ஆயினும், அவற்றிலே மனத்தைப் பறிகொடுத்த இரசிகர் சிலர் அத்தகைய ஒன்றைத் தம் கையாலேயே செய்து, வீட்டில் வைத்து அழகு பார்க்க விழைகின்றனர். மேல்நாடுகளில் இன்று பலர் ஈடுபட்டுள்ள பொழுதுபோக்கு இது. இதன் இயல்பையும், இதில் அடங்கியுள்ள ஓர் அறப்பிரச்சினையையும் விளங்கிக் கொள்வதற்கு ஒரேயொரு கறுப்புப் பறவையின் வரலாறு போதுமானது.

1941ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வோர்ணர் சகோதரர் நிறுவனம் ‘த மோல்டீஸ் பல்கன்’ என்னும் படத்தை வெளியிட்டது. மோல்டா நாட்டு வல்லூறு என்பது அப்பெயரின் பொருள். டஷீல் ஹமெற் என்பார் எழுதி, 1930இல் நூலுருப் பெற்ற துப்பறியும் நாவலே இப்படத்தின் மூலம். ஜோன் ஹஸ்டன் நெறிப்படுத்திய முதலாவது படமும் இதுவே. சாம் ஸ்பேட் என்னும் துப்பறிவாளராக ஹம்ப்ரி போகார்ட் இதிலே தோன்றினார்.

கதைக்கு வித்தாக அமைந்தது ஒரு வரலாற்றுச் செய்தி. 1530ஆம் ஆண்டிலே ஐந்தாம் சார்ள்ஸ் பேரரசர் மோல்டாத் தீவைப் புனித யோவான் சபை வீரருக்கு அளித்தார். அதற்கு ஈடாக ஆண்டுதோறும் ஒரு வல்லூற்றைத் திறையாகச் செலுத்த வேண்டும் என்பது நிபந்தனை. வரலாறு கூறும் திறை உயிருள்ள பறவை. நாவலாசிரியரோ அதன்மேற் கற்பனையை ஏற்றினார். பொன்னாற் செய்து மணிகள் இழைத்த வல்லூறு ஒன்று பேரரசருக்கு அனுப்பப்பட்டதாகவும், அது வழியிற் கொள்ளை போனதாகவும், அதன் மதிப்பை மறைப்பதற்காகப் பிற்காலத்தில் யாரோ அதற்குக் கறுப்புப் பூச்சுப் பூசியதாகவும் கதை செல்கிறது. கட்மன் என்னும் பருத்த மனிதர் பதினேழு ஆண்டுகளாக அப்பறவையைத் தேடுகிறார். அதன் பொருட்டுக் கொலைகள் நிகழ்கின்றன. ஈற்றில் அது கைக்கு வந்து சேருகின்றது. பேனாக் கத்தியாற் கறுப்புப் பூச்சைச் சுரண்டுகிறார். உள்ளே பொன் இல்லை, ஈயமே இருக்கிறது. அத்தனை பேரும் உயிரைப் பணயம் வைத்துத் தேடிய பொருள் ஒரு போலி!

அரங்கப்பொருளின் வரலாற்றில் இதனை விட வேடிக்கையான நிலை வேறு இருத்தல் அரிது. கதையிலே அது போலி. படத்தை எடுத்தவர்க்கு அது ஒரு கருவி மட்டுமே. இன்றைய கைவினைஞர் ஒருவர் தம் வீட்டிலே அதனைச் செய்யும்போது, போலி ஒன்றுக்குப் பிரதி செய்கின்றார். அவ்வாறாயின் அவர் செய்வதற்கு மதிப்பு உண்டா? உண்டெனில், அம்மதிப்பு எங்கே தங்கியுள்ளது?

சந்தை இவ்வினாவுக்கு ஒரு விடை கூறியது. படத்துக்கென வார்க்கப்பட்ட ஈயச் சிலை ஒன்று 1994ஆம் ஆண்டு நியூயோர்க்கிலே கிறிஸ்டீஸ் நிறுவனத்தின் ஏலத்தில் 3 இலட்சத்து 98 ஆயிரத்து 500 டொலருக்கு விற்கப்பட்டது. மற்றுமோர் ஈயச் சிலை 2013ஆம் ஆண்டு நவம்பரில் பொன்ஹாம்ஸ் நிறுவனத்தின் ஏலத்தில் 40 இலட்சத்து 85 ஆயிரம் டொலரைப் பெற்றது. ஏறத்தாழ 12 அங்குல உயரமும் 45 இறாத்தல் நிறையும் உடைய ஈயக் கட்டி அது. கதையிலே கட்மன் வெறுத்து ஒதுக்கிய ஈயத்தை உலகம் பொன்னினும் மேலாக மதித்தது எனலாம். இன்னுமொரு புதுமையும் நிகழ்ந்தது. 1994இல் அச்சிலையை வாங்கிய இரத்தின வணிகர் ரொனால்ட் வின்ஸ்டன், அதனை மாதிரியாகக் கொண்டு பொன்னாலேயே ஒரு வல்லூற்றைச் செய்வித்தார். கண்களுக்கு மாணிக்கம் பதித்து, அலகிலே வைரம் தொங்கவிட்ட அப்பறவை 1997ஆம் ஆண்டு ஒஸ்கார் விருது விழாவிற் காட்சி தந்தது. இவ்வாறு, கற்பனையில் மட்டும் இருந்த பொற்பறவை, தன் போலியைப் பார்த்துப் பிறந்தது.

பிரதிக்கும் ஆசைப்பட்டோர் உளர். சான் பிரான்சிஸ்கோ நகரில் ‘ஜோன்ஸ் கிரில்’ என்னும் பழைய உணவுச்சாலை உண்டு. நாவலின் துப்பறிவாளர் உணவருந்திய இடமாகக் கதையிலே குறிப்பிடப்படும் சாலை அது. அங்கே கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்டிருந்த வல்லூற்றுப் பிரதி ஒன்று 2007ஆம் ஆண்டு திருட்டுப் போயிற்று. அதனை மீட்டுத் தருவோர்க்கு 25,000 டொலர் பரிசளிப்பதாக உரிமையாளர் அறிவித்தார். பிரதி என்று தெரிந்தும் ஒருவர் திருடினார். பிரதி என்று தெரிந்தும் மற்றவர் அதற்காக வருந்தினார்.

மூலச் சிலையை விலை கொடுத்து வாங்குதல் செல்வருக்கே இயலும். ஏனையோர்க்கு எஞ்சிய வழி தம் கையாற் செய்துகொள்வதே. அமெரிக்கத் தொலைக்காட்சியிற் புகழ்பெற்ற அடம் சவேஜ் என்னும் கைவினைஞர், படங்களை ஆதாரமாகக் கொண்டு தாம் இவ்வல்லூற்றை உருவாக்க முயன்ற வரலாற்றை 2008ஆம் ஆண்டிலே ஒரு மேடையில் எடுத்துரைத்தார். அதனைக் கேட்டோர், ஒரு பொம்மைக்காக இத்தனை உழைப்பா என்று முதலில் வியந்திருப்பர். எனினும் செய்முறையைச் சற்று ஊன்றி நோக்கினால், அவ்வுழைப்பு வீணன்று என்பது புலனாகும்.

முதலாவது வேலை பார்த்தல். படத்தைப் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். பறவையின் அருகே ஒரு மேசையோ மனிதரின் கையோ இருக்குமாயின், அதனைக் கொண்டு அளவை மதிப்பிடலாம். ஆனால் ஒளிப்படக் கருவி ஒரு பக்கத்தையே காட்டும். பறவையின் முதுகு எவ்வாறு வளைகிறது, வாலிறகுகள் எங்கே ஒடுங்குகின்றன என்பவற்றைக் கண்ணுக்குத் தெரிந்த பகுதியிலிருந்து ஊகித்து அறிதல் வேண்டும். படமோ கறுப்பு வெள்ளைப் படம். சிலையின் உண்மை நிறத்தை அது சொல்வதில்லை. ஏல நிறுவனங்கள் வெளியிட்ட வண்ணப் படங்களே அதற்குத் துணை புரிகின்றன. ஒரு பொருளைப் பார்த்தோம் என்று எண்ணுவதற்கும், அதனைச் செய்யுமளவுக்குப் பார்ப்பதற்கும் உள்ள தூரத்தைக் கைவினைஞர் இங்கேதான் உணர்கின்றார்.

இரண்டாவது வேலை களிமண்ணில் உரு அமைத்தல். சாதாரணக் களிமண் உலரும்போது சுருங்கி வெடிக்கும். ஆதலின் எண்ணெய் கலந்த களியையோ, அடுப்பிலிட்டு இறுகச் செய்யும் செயற்கைக் களியையோ பலர் பயன்படுத்துவர். உள்ளே கம்பியாற் கூடு அமைத்து, அதன்மேற் களியை அப்பி, இறகுகளை ஒவ்வொன்றாகச் சீவி எடுப்பர். உரு நிறைவுற்றதும் அதன்மேற் சிலிக்கன் இறப்பரைப் பூசி, வெளியே பாரிசுச் சாந்தினாற் கவசம் இட்டு, இரு பாதிகளாகப் பிரியும் அச்சு ஒன்றைச் செய்வர். அவ்வச்சினுள் ரெசின் என்னும் செயற்கைப் பிசினை ஊற்றினால் அது சில மணி நேரத்தில் இறுகிப் பறவையாகின்றது.

ஆயினும் கையில் எடுத்தவுடன் குறை தெரியும். ஈயத்தின் அடர்த்தி அத்தகைய பிசினின் அடர்த்தியைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. ஈயத்தில் 45 இறாத்தல் நிறுக்கும் உரு பிசினில் ஐந்து இறாத்தல்கூட நிறுக்காது. எனவே அனுபவமுள்ளோர் உட்புறத்தில் இரும்புக் குண்டுகளை நிரப்பி நிறையைக் கூட்டுவர். மூலத்தைப் போலவே இருக்க வேண்டும் என்ற ஆவலால் ஈயத்தையே வீட்டில் உருக்க எண்ணுவோரும் உளர். இது தவிர்க்க வேண்டிய செயல். ஈயம் ஏறக்குறைய 327 பாகை செல்சியசில் உருகிவிடும். சாதாரண அடுப்பிலேயே உருகும் என்பதால் எளிதாகத் தோன்றும். அதன் புகையும் தூளும் உடலிற் சேரும் நஞ்சு. சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. பிசினை அராவும்போது எழும் தூசியும் நுரையீரலுக்குத் தீங்கானது. முகமூடியும் கையுறையும் காற்றோட்டமுள்ள இடமும் இன்றி இவ்வேலையில் இறங்குதல் தகாது.

வெண்கலத்தில் வார்க்க விரும்புவோர் வார்ப்பாலையை நாட வேண்டும். மெழுகிற் கரு அமைத்து, மண் கவசமிட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை தமிழ்நாட்டு உலோகச் சிற்பிகள் வழிவழியாக அறிந்ததே. இங்கே மற்றொரு தடை எதிர்ப்படும். வெண்கலம் குளிரும்போது நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை சுருங்கும். 12 அங்குல உரு ஏறத்தாழ ஓர் அங்குலத்தின் ஐந்திலொரு பங்கை இழந்துவிடும். இதனை முன்னரே கணக்கிட்டுக் கருவைச் சற்றுப் பெரிதாக அமைத்தவரே சரியான அளவைப் பெறுவர்.

இறுதி வேலை வண்ணந் தீட்டல். கடையில் வாங்கிய கறுப்பு வண்ணத்தை அப்படியே பூசினால் சிலை புதுப் பானை போல் மினுங்கும். அடியிலே கபில நிறம் பூசி, அதன்மேற் கறுப்பைப் பூசி, கைபடும் மேடான இடங்களிற் சிறிது தேய்த்து, மெழுகிட்டுத் துடைத்தால், பலர் கைமாறி வந்த பழமை அதிலே தோன்றும்.

செய்து முடித்த சிலையை எங்கே, எவ்வாறு வைப்பது என்பதும் சிந்தனைக்குரியது. பாரமான உருவாதலின் உறுதியான தட்டிலே, குழந்தைகளின் கைக்கு எட்டாதவாறு வைத்தல் நன்று. நேர் வெயில் படுமாயின் வண்ணம் வெளிறும். கறுப்புப் பொருளுக்கு எதிரிலிருந்து ஒளி பாய்ச்சினால் உருத் தெரியாது; பக்கத்திலிருந்து ஒரு சிறு விளக்கு எரிந்தால் இறகுகளின் கோடுகள் எழுந்து நிற்கும். படத்தை ஒளிப்பதிவு செய்தோர் நிழலைக் கையாண்ட விதத்தை அவ்வேளையிற் கைவினைஞர் புதிதாக விளங்கிக் கொள்வார்.

இவை அனைத்தும் முடிந்த பின்னர் ஒரு சிறு வேலை எஞ்சியிருக்கின்றது. அதுவே தலையாயது. சிலையின் அடிப்பாகத்திலே, அழியாத வகையில், இது பிரதி என்பதையும், செய்தவர் பெயரையும், செய்த ஆண்டையும் பொறித்தல் வேண்டும். படத்துக்காக வார்க்கப்பட்ட ஈயச் சிலையிலே வோர்ணர் நிறுவனத்தின் பொருட்பட்டியல் எண் பொறிக்கப்பட்டிருந்தது. அத்தகைய எண்ணையும் பார்த்துப் பொறித்துவிட வேண்டும் என்ற ஆசை நுணுக்கமான கைவினைஞர்க்கு எழுதல் இயல்பு. அவ்வாறு பொறித்து, தம் பெயரை மறைத்துவிட்டால், என்ன நேரும்? செய்தவர் நேர்மையாளராகவே இருக்கலாம். அவருக்குப் பின் அப்பொருள் வேறொருவர் கைக்குச் செல்லும். அங்கிருந்து மற்றொருவரிடம் செல்லும். இருபது ஆண்டுகள் கழிந்தபின் யாரோ ஒருவர் அதனை மூலமென நம்பித் தம் சேமிப்பையெல்லாம் கொடுத்து வாங்குவார். கட்மனுக்கு நேர்ந்தது அவருக்கும் நேரும். வஞ்சகம் செய்ய எண்ணாத ஒருவரின் கைத்திறனே வஞ்சகத்துக்குக் கருவியாகிவிடும். பிரதி எத்துணைச் சிறப்பாக அமைகின்றதோ அத்துணைப் பெரிதாக இவ்வாபத்தும் வளரும். திறமை குறைந்தவரின் சிலை எவரையும் ஏமாற்றாது.

விற்பனை செய்ய எண்ணுவோர்க்கு வேறொரு கடமையும் உண்டு. படைப்புகளின் உரிமை சட்டத்தாற் காக்கப்படுவது. தம் வீட்டில் வைத்து மகிழ்வதற்கும், பல பிரதிகளை வார்த்து விலை கூறுவதற்கும் இடையே வேறுபாடு உள்ளது. உரிமையாளரின் அனுமதி வேண்டுமா என்பதை விசாரித்து அறிந்த பின்னரே வணிகத்தில் இறங்குதல் முறை.

பிரதிக்கும் போலிக்கும் உள்ள வேறுபாடு களிமண்ணிலும் இல்லை, உலோகத்திலும் இல்லை. இரண்டும் ஒரே அச்சிலிருந்து வரலாம். ஒரே நிறையுடன் இருக்கலாம். தன்னை இன்னதென்று சொல்லிக் கொள்வது பிரதி. சொல்லாது மறைப்பது போலி. அடியிலே பொறித்த இரண்டு வரிகளே இவற்றைப் பிரிக்கும் எல்லைக்கோடு.

கட்மன் பதினேழு ஆண்டுகள் தேடியது பிறர் செய்த பொருளை. அது பொன்னாக இருந்திருந்தாலும் அவருக்குக் கிடைத்திருப்பது பொன்னின் விலை மட்டுமே. தம் கையால் ஒரு வல்லூற்றைச் செய்தவரோ, ஓர் இறகின் வளைவை அறிந்திருப்பார். உலோகம் சுருங்கும் கணக்கை அறிந்திருப்பார். ஒளியும் நிழலும் ஒரு முகத்தை மாற்றும் வகையை அறிந்திருப்பார். அவருடைய சிலையை எவரேனும் கத்தியாற் சுரண்டிப் பார்த்தாலும் அவருக்கு அச்சமில்லை. உள்ளே இருப்பது இன்னதென்று அடியிலே அவரே எழுதி வைத்திருக்கின்றார்.