கேள்வியும் ஒரு மருத்துவக் கருவியே



இதயம் பற்றிய பதற்றத்தை அளக்கும் வினாநிரலைத் தமிழ் நோயாளிகளுக்கு எப்படிப் பொருத்துவது என்று பேசத் திருவனந்தபுரம் ஆரியசாலையில் கூடியிருக்கிறோம். இந்நகரின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்துக்கு நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் இதய நோயாளிகள் வருகிறார்கள். இதய அறுவை மருத்துவர் வலியத்தான் தலைமையில் அந்நிறுவனத்தில் உருவான சித்ரா செயற்கை இதய வால்வு, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதற்கு முந்தைய மூன்று மாதிரிகளும் சோதனையில் தேறவில்லை, நான்காவதுதான் தேறியது. வினாநிரலையும் அதே கண்டிப்போடு சோதியுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

உளவியலாளர் ஐஃபர்ட் குழுவினர் 2000இல் வெளியிட்ட இந்த வினாநிரலில் 18 கூற்றுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். அச்சம், தவிர்ப்பு, இதயத்தின் மீதான கவனம் ஆகிய மூன்றையும் அது தனித்தனியே அளக்கிறது. தாய்லாந்து நோயாளிகளுக்கும் அதைப் பொருத்தும் பணி நடந்திருக்கிறது. மொழிபெயர்ப்பு, மீள்மொழிபெயர்ப்பு, வல்லுநர் குழு, முன்னோட்டம் என்ற வழி நமக்குப் பழகியதே. கடைசியில் குரோன்பாக் ஆல்பா நன்றாக வந்துவிட்டால் நிம்மதியாகக் கட்டுரை எழுத உட்கார்ந்துவிடுகிறோம். கூற்றுகள் தமக்குள் ஒத்துப்போகின்றன என்பதை ஆல்பா காட்டும். அவை பதற்றத்தைத்தான் அளக்கின்றனவா என்பதை அது காட்டாது.

நாடி பார்க்கும் பழக்கம் பற்றிய கூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவரிடம் தினமும் நாடி பார்க்கும்படி மருத்துவரே சொல்லியிருக்கலாம். அவர் 4 என்று சொன்னால் அது பயமா, சொன்னபடி நடக்கும் ஒழுங்கா? பைபாஸ் முடிந்து வந்த அம்மாவைக் குடம் தூக்க மகள் விடுவதில்லை. தவிர்ப்பவர் யார், மதிப்பெண் யார் கணக்கில் ஏறுகிறது? இந்நகரின் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவரின் நிலை இதற்கு நேர்மாறு. தூக்காவிட்டால் அன்றைய கூலி இல்லை. உள்ளூர நடுங்கினாலும் தூக்குவார். தவிர்ப்பில் அவருக்கு 0 விழுந்தால், அச்சமில்லாதவர் என்று எழுதிவிடுவோமா?

கேட்கும் இடமும் விடையை மாற்றும். ஓ.பி.யில் மகன் பக்கத்தில் நிற்க, உரக்கப் படித்துக் கேட்டால், "எனக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றுதான் தாய் சொல்வாள்.

ஆகவே மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன். முன்னோட்டத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் "ஏன் இந்த எண் சொன்னீர்கள்?" என்று கேட்டு, விடையை நோயாளியின் பேச்சிலேயே எழுதுங்கள். பைபாஸ், வால்வு, பேஸ்மேக்கர் நோயாளிகளையும், சோதனையில் குறையேதும் தெரியாமலே நெஞ்சுவலியோடு வருகிறவர்களையும் தனித்தனியே ஆராயுங்கள். உறவினர் இல்லாத அறையில் கேளுங்கள்.

இன்று கட்டுரை படிக்கும் ஒவ்வொருவரும், தம் ஆய்வில் எந்தக் கூற்று தேறவில்லை, ஏன் தேறவில்லை என்பதையும் அவைக்குச் சொல்ல வேண்டும். நீக்கிய கூற்றுகளிலிருந்துதான் அடுத்த ஆய்வாளர் அதிகம் கற்பார். இந்த எதிர்பார்ப்போடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.